புதுப்பிப்பு: டாட்ஜர்ஸ் பிட்சர் தேடிய கதை

லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் பிட்சர் (பந்து வீச்சாளர்) யமமோட்டோ 2024 ஜூனில் தோள்பட்டைத் தசைக் காயத்தோடு போனதும், இனி பந்து வீச யார் இருக்கிறார்கள் என்று இந்த இழையில் புலம்பியிருந்தேன். அப்புறம் இன்னொரு பிட்சரான கிளாஸ்னோவுக்கும் முதுகு பிடித்துக்கொண்டது.

டிரேட் கெடு, அதாவது அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு, 2024 ஜூலை 30 மாலையோடு முடிந்தது. கடைசி நேரத்தில் டெட்ராய்ட் அணியிலிருந்து பிட்சர் ஜாக் ஃப்ளாஹர்ட்டியை வாங்கிவிட்டார்கள். விலை இரண்டு இளம் வீரர்கள்: லிரான்சோ, ட்ரே ஸ்வீனி. ஃப்ளாஹர்ட்டி லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பர்பேங்கில் வளர்ந்தவர். ஆனால் இவருக்கும் ஜூலைத் தொடக்கத்தில் முதுகுவலி! ஒப்பந்தமும் 2024 சீசனோடு சரி. இருந்தாலும் நல்ல பேரம் என்பேன்.

முந்தின நாள் மூன்று அணி டிரேடில் பிட்சர் கோபெக் வந்தார். மணிக்கு 160 கிலோமீட்டரைத் தொடும் வேகம். கூடவே ஃபீல்டர் டாமி எட்மன். மணிக்கட்டு அறுவை சிகிச்சைக்குப் பின் அந்த ஆண்டு அதுவரை அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. காயப்பட்டியல் போதாது போலிருக்கிறது.