பூச்சு மறைக்காத கல்லும் மரமும் சுண்ணாம்பும்: குழந்தைகள் உள்ள அடுக்குமாடி வீட்டுக்கு ஒத்துவருமா?

கேள்வி:
நால்வர் வசிக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டில் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு, தரைக்கும் சமையல் மேடைக்கும் பளபளப்பு ஏற்றாத சலவைக்கல், அலமாரிகளுக்கு லேமினேட் ஒட்டாத மரப்பலகை என்று மாற்றியமைக்க விரும்புகிறோம். இளைய குழந்தைக்கு மூன்று வயது. கைக்குக் கிடைத்ததையெல்லாம் சுவரில் தேய்க்கும் பருவம். கறையையும் ஈரத்தையும் இப்பொருள்கள் தாங்குமா? இருக்கும் டைல்ஸைப் பெயர்க்காமல் அதன் மேலேயே கல்லைப் பதிக்கலாமா?

பதில் 1:
கடைசிக் கேள்விதான் முக்கியமானது. 20 மி.மீ. கனமுள்ள கல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 54 கிலோ எடை கொண்டது. அதன் அடியில் 40 மி.மீ. சிமெண்டுக் கலவை இட்டால் மேலும் 80 கிலோ அளவுக்கு ஏறும். மேல்மாடித் தளத்தில் இந்தக் கூடுதல் சுமையைக் கட்டடப் பொறியாளரைக் கேளாமல் ஏற்றாதீர்கள்.

சமையல் மேடைக்குச் சலவைக்கல் வேண்டவே வேண்டாம். எங்கள் வீட்டில் அறுத்த எலுமிச்சை மூடி ஒன்று இரவு முழுவதும் மேடையில் கவிழ்ந்து கிடந்தது. காலையில் அந்த இடத்தில் மங்கிய வளையம் ஒன்று இருந்தது, விரலால் தடவினால் சொரசொரத்தது. அது கறையன்று; கால்சியம் கார்பனேட்டாலான கல்லையே அமிலம் அரித்துவிட்டது. ஆகவே எந்தச் சோப்புக்கும் போகாது, மீண்டும் இழைத்தால்தான் உண்டு. கிரானைட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பதில் 2:
சுண்ணாம்புப் பூச்சு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்லக் கல்லாக இறுகுவது. அதன் காரத்தன்மை பூஞ்சையை அண்டவிடாது. ஆனால் பழைய பிளாஸ்டிக் பெயிண்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேல் பூசினால் பிடிப்பின்றி உதிர்ந்துவிடும். களிமண் பூச்சும் அழகுதான் என்றாலும் நீர் பட்டால் இளகிவிடுவதால் அதைப் படுக்கையறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தையின் கை எட்டும் உயரம் வரை சுவரில் மரப்பலகை அடித்துவிட்டால் பாதிக் கவலை தீரும்.

பதில் 3:
தச்சு வேலை செய்பவன் என்ற முறையில் மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பலகை நீளவாக்கில் அனேகமாக மாறாது. அகலவாக்கில்தான் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். எனவே வாங்கிய பலகைகளை அதே அறையில் இரண்டு வாரமாவது இடைவெளிவிட்டு அடுக்கிவைத்த பிறகே அறுக்க வேண்டும். வார்னிஷுக்குப் பதிலாக ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால், கீறல் விழுந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து மறுபடி எண்ணெய் பூசிக்கொள்ளலாம். ஒரே எச்சரிக்கை: அந்த எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால், அவை உலரும்போது எழும் வெப்பத்தாலேயே தீப்பிடிக்கக்கூடும். எவ்வளவு சொன்னாலும் இதைக் காதில் போட்டுக்கொள்பவர் குறைவு. திறந்த வெளியில் விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. மேடைக்குக் கிரானைட் என்று முடிவாயிற்று. தரையைப் பற்றிப் பொறியாளரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.