ஒன்றரை ஆண்டில் மூன்று முறை முறிந்த பின்சக்கர அச்சு: ஹப்பை (சக்கரத்தின் நடுக்குடத்தை) மாற்றுவதா, சக்கரத்தையே மாற்றுவதா?

வைகைக்கரை:

நண்பர்களுக்கு வணக்கம். ஏழு கியர் ஃப்ரீவீல் (பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதி) பூட்டிய சைக்கிளில் திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். நாளொன்றுக்கு நாற்பது கிலோமீட்டர் ஓடும். என் எடை 84 கிலோ. கேரியரில் மடிக்கணினிப் பையும் சாப்பாட்டுப் பையும் எப்போதும் இருக்கும். ஒன்றரை ஆண்டில் பின்சக்கர அச்சு மூன்றாவது முறையாக முறிந்திருக்கிறது. முறிந்தபோது சத்தம் எதுவும் கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ரிம் இடப்பக்கத்துப் பிரேக் கட்டையில் உரசுகிறதே என்று கோனை (பேரிங் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டை) இறுக்குவேன், இரண்டு நாளில் சக்கரம் மறுபடி ஆடத் தொடங்கும். கடைசியில் சக்கரத்தைக் கழற்றி, குவிக் ரிலீஸ் கம்பியை (நெம்பை மூடிச் சக்கரத்தைப் பூட்டும் கம்பியை) உருவியபோது, அச்சு இரண்டு துண்டாகக் கையோடு வந்தது.

மூன்று முறையும் ஃப்ரீவீல் பக்கத்துக் கோனை ஒட்டித்தான் முறிந்திருக்கிறது. அச்சை மட்டும் மாற்றிப் பயனில்லை, சக்கரத்தையே மாற்றிவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். ரிம்மும் ஆரக்கம்பிகளும் நன்றாக இருக்கும்போது அவற்றைக் கழித்துக்கட்ட மனம் வரவில்லை. ஹப்பை மட்டும் மாற்றினால் போதுமா?

ஆரக்கால்:

உங்களுடையது குவிக் ரிலீஸ் கம்பி செல்வதற்காக நடுவில் துளையிட்ட அச்சு. துளையில்லாத கெட்டி அச்சைப் போட்டு, இருபுறமும் நட்டு வைத்து இறுக்கிவிடுங்கள். எங்கள் ஊர்க் கடைகளில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

சக்கரக்குடம்:

கெட்டி அச்சு போட்டால் சரியாகிவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. 10 மி.மீ. அச்சின் நடுவில் 5 மி.மீ. துளை இருப்பதால் வளைவைத் தாங்கும் வலுவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் குறையும். வளைக்கும் விசையில் பெரும்பகுதியை வாங்குவது அச்சின் வெளிப்பரப்பு, நடுப்பகுதி அன்று.

கோளாறு ஹப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. ஃப்ரீவீல் ஹப்பின் மேல் மரையில் திருகப்படுவதால், வலப்பக்கத்துக் குண்டுகள் அதற்கு உட்புறமாக, ஆரக்கம்பி கோக்கும் தட்டின் அருகிலேயே தங்கிவிடுகின்றன. அங்கிருந்து ஃபிரேமின் கவை (அச்சு உட்காரும் பிளவு) வரை ஏறக்குறைய நான்கு செ.மீ. நீளத்துக்கு அச்சு எந்தத் தாங்கலும் இல்லாமல் நிற்கிறது. ஒவ்வொரு குழியிலும் அந்த நீளம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து நிமிர்கிறது; மரையின் அடியில் ஒரு கீறல் தோன்றி நாள்தோறும் உள்ளே நகர்கிறது. முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பகுதி கறுத்து வழவழப்பாகவும், எஞ்சியது மணல் மணலாகப் பளிச்சென்றும் இருந்தால், கறுத்த பகுதி பல வாரங்களுக்கு முன்பே விட்டுப்போனது என்று பொருள். முறிந்த பிறகும் நீங்கள் வீடு வந்து சேர்ந்தது குவிக் ரிலீஸ் கம்பி இரு துண்டுகளையும் இறுக்கிப் பிடித்திருந்ததால்தான்.

ஆனாலும் ஒன்றரை ஆண்டில் மூன்று முறை என்பது இயல்பானதல்ல. கவைகள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால், நெம்பை மூடும் ஒவ்வொரு முறையும் அச்சு வளைந்தே நிற்கும். இதைச் சோதிக்க உங்கள் முறிந்த அச்சே போதும். துண்டுகளைக் கண்ணாடி மேல் உருட்டி, கோணல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கவைக்கு ஒன்றாக இருபுறமும் நட்டு வைத்து இறுக்குங்கள். உள்முனைகள் இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். அப்படியே ஹப்பின் கப்புகளையும் (குண்டுகள் ஓடும் கிண்ணங்களையும்) துடைத்துப் பாருங்கள்.

இன்னொன்று: கடைகளில் 10 மி.மீ. அச்சும் எட்டில் மூன்று அங்குல அச்சும் கலந்தே கிடக்கின்றன. பின்னது 9.5 மி.மீ. தான், மரையும் வேறு. பழைய கோனை அதில் ஏற்றினால் ஏறும், ஆனால் நிலைக்காது. இதற்கு முன் உங்களுக்கு மாட்டப்பட்டது எது என்று அளந்து பாருங்கள்.

வைகைக்கரை:

மிக்க நன்றி ஐயா. முறிந்த முகத்தில் பாதிக்கு மேல் கறுப்பு. அச்சு 10 மி.மீ. தான், அதில் குறையில்லை. ஆனால் துண்டுகளைக் கவையில் பூட்டியபோது வலப்பக்கத்து முனை மற்றதைவிட 4 மி.மீ. கீழே இறங்கி நின்றது. சென்ற ஆண்டு மழையில் வழுக்கி அந்தப் பக்கமாகத்தான் விழுந்தேன். ஃபிரேம் இரும்புதான். வலப்பக்கக் கப்பில், குண்டுகள் ஓடும் தடத்தில் கடுகு கடுகாகக் குழிகள் இருக்கின்றன. நகத்தால் வருடினால் தட்டுப்படுகிறது.

சக்கரக்குடம்:

அப்படியானால் அந்த ஹப்பின் கதை முடிந்தது. கோன் தேய்ந்தால் கோனை மாற்றலாம், குண்டு தேய்ந்தால் குண்டை மாற்றலாம். கப்பை ஹப்புக்குள் அடித்து இறக்கியிருப்பார்கள். அதைத் தனியாக மாற்ற முயல்வது வீண்வேலை. இரும்பு ஃபிரேம் என்பதால் கவையைத் தெரிந்தவரிடம் கொடுத்து நேராக்கிவிடலாம் (அலுமினியமாக இருந்தால் தொடவே வேண்டாம் என்றிருப்பேன்). கவை நேராகும்வரை புதுச் சக்கரம் எதையும் மாட்டாதீர்கள், அந்த அச்சும் இதே வழியில்தான் போகும்.

புது ஹப் வாங்குவதென்றால், உங்கள் எடைக்கும் சுமைக்கும் கேசட் (திருகாமல் செருகி ஏற்றும் பல்சக்கரத் தொகுதி) ஏற்றும் ஃப்ரீஹப்பையே வாங்குங்கள். 1978இல் ஷிமானோ கொண்டுவந்த அமைப்பு அது. வலப்பக்கத்துக் குண்டுகளைப் பல்சக்கரங்களுக்கு அடியில், கவைக்கு அருகே நகர்த்தி வைத்ததுதான் அதன் சிறப்பு. 36 துளைகள் என்பதையும் கவைகளுக்கு இடைப்பட்ட அகலம் 135 மி.மீ. என்பதையும் உங்கள் சைக்கிளில் எண்ணி, அளந்து உறுதி செய்துகொண்டு கடைக்குப் போங்கள். எட்டு, ஒன்பது கியருக்கான உடலில் ஏழு கியர் கேசட்டை ஏற்றுவதற்கு 4.5 மி.மீ. வளையம் ஒன்று பின்னால் வேண்டும். பழைய ஃப்ரீவீல் இதில் ஏறாது.

ஆரக்கால்:

என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் செலவையும் பாருங்கள். புது ஹப்பின் தட்டுகளுடைய விட்டமும் இடைவெளியும் பழையதைப் போலவே இல்லாவிட்டால் 36 ஆரக்கம்பிகளும் புதிதாக வேண்டும். அதற்கு மேல் கோத்துக் கோணல் எடுக்கும் கூலி. இவற்றைக் கூட்டினால், கேசட்டுக்கென்றே கட்டிய ஆயத்தச் சக்கரத்தின் விலையை எட்டிவிடலாம். உங்கள் கடைக்காரர் சொன்னதும் தவறில்லை, காரணத்தைத்தான் சொல்லவில்லை.

வைகைக்கரை:

விசாரித்துவிட்டேன். கம்பிகளையும் கூலியையும் சேர்த்தால் ஆயத்தச் சக்கரமே மலிவாக வருகிறது. கவையை இன்று நேராக்கிவிட்டார்கள். புதுச் சக்கரத்தில் கோனை எவ்வளவு இறுக்க வேண்டும்?

சக்கரக்குடம்:

முதலில் கோனைத் திறந்து கிரீஸ் போதுமான அளவு இருக்கிறதா என்று பாருங்கள். குண்டுகள் பக்கத்துக்கு ஒன்பது, கால் அங்குல அளவு. இன்னொன்றுக்கு இடம் இருப்பது போலத் தோன்றினாலும் பத்தாவதைத் திணிக்காதீர்கள். சக்கரம் கையில் இருக்கும்போது அச்சில் மயிரிழை ஆட்டம் இருக்கட்டும். ஃபிரேமில் பூட்டி நெம்பை மூடும்போது அச்சு சற்று அமுங்கும். அப்போது அந்த ஆட்டம் மறைந்தால் இறுக்கம் சரி.