பெற்றோர் சந்திப்பு: கையெழுத்து வாங்குவதைத் தாண்டி என்ன செய்யலாம்?

கோட்டையூர் டீச்சர்

காரைக்குடி பக்கம் உதவிபெறும் தொடக்கப் பள்ளி. இரண்டாம் வகுப்பு, 28 பிள்ளைகள். ஆகஸ்ட் கடைசியில் பெற்றோர் சந்திப்பு வைக்கணும். வழக்கமாக நடப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சனிக்கிழமை காலை மொத்தமாக வரச் சொல்வோம். வரிசையில் நிற்பார்கள். "எப்படிப் படிக்கிறான்?" "பரவாயில்லை, வீட்டுல இன்னும் கொஞ்சம் கவனிங்க." கையெழுத்து. அடுத்த ஆள்.

வருகிறவர்களில் பாதிப் பேர் அப்பத்தா, ஆயா, ஐயா. அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார், அம்மா பலகாரம் போடும் இடத்திலோ அரிசி ஆலையிலோ வேலையில் இருப்பார். சிலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் என்னால் ஒதுக்க முடியாது. அந்தப் பத்து நிமிடத்தில் என்ன பேசுவது, அதற்கு முன்னால் என்ன தயார் செய்து வைப்பது? "நல்லா அடிங்க டீச்சர்" என்று சொல்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

தேவகோட்டை எச்.எம்.

டீச்சர், முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள். 28 பேருக்குப் பத்து நிமிடம் என்றால் 4 மணி 40 நிமிடம். ஒரே மூச்சில் உட்கார்ந்தால் பாதிக்கு மேல் எல்லாப் பிள்ளையைப் பற்றியும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இரண்டு மதியங்களாகப் பிரியுங்கள். ஒரு நாளைக்கு 14 பேர், நடுவில் இரண்டு காலி இடம். மொத்தம் 160 நிமிடம், 2 மணிக்குத் தொடங்கினால் 4.40க்கு முடியும். அந்தக் காலி இடம் தாமதமாக வருபவருக்கு. யாரும் தாமதிக்கவில்லை என்றால் உங்களுக்குத் தண்ணீர் குடிக்க. பள்ளி விடும் வரை உங்கள் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அதைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். ஈராசிரியர் பள்ளியில் இது நடக்காது. அங்கே ஒரு வாரம் முழுக்க, பள்ளி விட்டதும் நாளைக்கு ஐந்தாறு பேர் என்று வைத்துக்கொள்வதுதான் வழி.

நாள் குறிக்கும்போது முகூர்த்த நாளையும் ஊர்ச் சந்தை நாளையும் தவிர்க்க வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலை நேரம் கொடுத்தால் ஒரு நாள் கூலி போகும், வரமாட்டார்கள். அண்ணன் தம்பி ஒரே பள்ளியில் இருந்தால் அடுத்தடுத்த நேரம் கொடுங்கள். ஏழு நாள் முன்னதாகச் சீட்டு அனுப்புங்கள், அதில் கிழித்துத் தரும் பகுதியில் "யார் வருகிறீர்கள்?" "எதைப் பற்றிப் பேச வேண்டும்?" என்ற இரண்டே கேள்வி. இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. வரும் நாலைந்து பதில்கள் மிக முக்கியமானவையாக இருக்கும்.

இன்னொன்று. இதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தோடு சேர்க்காதீர்கள். அது கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21-ன்படி நடக்கும் வேறு விஷயம். கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் என்று பேச்சு போனால் பிள்ளையின் நோட்டு திறக்கப்படாமலே கூட்டம் முடியும். நீங்கள் நடத்துவது அதே சட்டத்தின் பிரிவு 24 சொல்வது: வருகை, கற்கும் திறன், கற்றலில் முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோருக்குத் தெரிவிக்க ஆசிரியர் முறையாகக் கூட்டம் நடத்த வேண்டும். அதாவது ஆசிரியரின் கடமைகளில் ஒன்றாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

ஆகஸ்ட் கடைசி என்பது நல்ல தேர்வு. முதல் பருவத் தேர்வு முடிந்த பிறகு வைத்தால் பேச்சு மதிப்பெண்ணில் போய் முட்டிக்கொள்ளும். இப்போது வைத்தால் தேர்வுக்கு முன் சரிசெய்யச் சில வாரங்கள் மிச்சமிருக்கும்.

புதுவயல் பயிற்றுநர்

சார் நேரத்தைச் சொல்லிவிட்டார், நான் மேசை மேல் என்ன இருக்கணும் என்று சொல்கிறேன். ஒரு பிள்ளைக்கு மூன்று தாள்: ஜூனில் எழுதிய ஒரு பக்கம், இந்த வாரம் எழுதிய ஒரு பக்கம், பிழையோடு கூடிய ஒரு கணக்குப் பக்கம். திருத்தி அழகாக்கிய பக்கம் வேண்டாம். நாளைக்கு ஏழு பிள்ளை வீதம் எடுத்தால் நான்கு நாளில் 28 முடியும்.

அதே நாளில் ஒவ்வொரு பிள்ளையையும் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு சின்னப் பத்தியை ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகப் பத்தி கொடுத்தால் பாதிப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள், கண் எழுத்தில் இருக்காது. எங்கே தடுக்கியது என்று மட்டும் கோடு போடுங்கள். கெ–கே, கொ–கோ குழப்பமா? புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு ஓடுகிறதா? ல, ள, ழ தடுமாற்றமா? இந்தக் கடைசிக் குழப்பம் பேச்சிலிருந்தே வருவது, இரண்டாம் வகுப்பில் அதற்காகப் பெற்றோரைப் பயமுறுத்த வேண்டாம். குறில் நெடில் குழப்பம் அப்படியில்லை, அது இருந்தால் வாசிப்பே நகராது.

கணக்கில் பிழையின் வகையைச் சொல்ல முடிந்தால்தான் சந்திப்புக்கு அர்த்தம். 42-இல் 17 போக 35 என்று எழுதியிருந்தால் அது கவனக்குறைவு இல்லை. பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழிக்கணும் என்று பிள்ளை ஒரு விதியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது: 7-இல் 2 போக 5, 4-இல் 1 போக 3. கடன் வாங்குவது புரியவில்லை. "இன்னும் நிறைய கணக்குப் போடச் சொல்லுங்க" என்று அனுப்பினால் அந்தத் தப்பான விதியையே நாற்பது தடவை போட்டுப் பழகிவிட்டு வரும்.

வீட்டில் செய்ய வேண்டியது: நாலு பத்து ரூபாய்த் தாள், இரண்டு ஒரு ரூபாய்க் காசு கையில் கொடுத்து "பதினேழு ரூபா குடு" என்று கேட்பது. சில்லறை மாற்றாமல் கொடுக்க முடியாது. பக்கத்தில் பத்து ஒரு ரூபாய்க் காசு வைத்திருந்தால் பிள்ளையே ஒரு தாளை மாற்றிக்கொள்ளும். எழுத்தறிவே இல்லாத அப்பத்தாவும் இதைச் செய்யலாம், காசு விஷயத்தில் அவர்களை யாராலும் ஏமாற்ற முடியாது. அதேபோல, கூட்டிப் பழக இடைப்புள்ளிக் கோலம். 7-இல் தொடங்கி 4-இல் முடியும் கோலத்துக்கு மொத்தம் எத்தனை புள்ளி? (7, அப்புறம் இரண்டு பக்கமும் 6, 5, 4. ஆக 37.) ஆயா வைக்க, பிள்ளை எண்ணட்டும்.

உங்கள் பள்ளியில் எண்ணும் எழுத்தும் (தமிழக அரசின் அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம்) நடக்கிறது என்றால், அதில் பிள்ளைகளின் கற்றல் நிலைகளுக்கு வைத்திருக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற சொற்களை விளக்காமல் விடாதீர்கள். பெற்றோர் காதில் அது முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் மாதிரிதான் விழும். "உங்க பிள்ளை இன்னும் அரும்புல இருக்கு" என்றால் வீட்டில் அடி விழும். "எழுத்து தெரியுது, ரெண்டு எழுத்துச் சொல்லைச் சேர்த்து வாசிக்க இப்ப பழகுது" என்றால் என்ன செய்யணும் என்று கேட்பார்கள்.

பள்ளத்தூர் அம்மா

நான் டீச்சர் இல்ல, எதிர்ப் பக்கம் உட்கார்ற ஆள். அந்தப் பக்கத்துலேருந்து சிலது.

உட்கார வைக்கிற விதமே பாதி. மேசைக்கு அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் குட்டி பெஞ்சுல நாங்கன்னா விசாரணைக்கு வந்த மாதிரி இருக்கும். நோட்டு ரெண்டு பேருக்கும் நேராத் தெரியுற மாதிரி ஒரே பக்கமா நாற்காலி போடுங்க. காத்திருக்கிறவங்களைத் தாழ்வாரத்துல, பேச்சு காதுல விழாத தூரத்துல உட்கார வைங்க. சின்ன ஊரு டீச்சர். அடுத்த தெருக்காரங்க முன்னாடி "இவனுக்கு அ, ஆவே வரல"ன்னு சொன்னா அந்த அம்மா அடுத்த தடவை வரமாட்டாங்க.

முதல் ரெண்டு நிமிஷம் நீங்க பேசாதீங்க, கேளுங்க. "வீட்டுல பள்ளிக்கூடத்தைப் பத்தி என்ன சொல்லுது?" அப்படின்னு மட்டும். மத்தியானம் சோறு மிச்சம் வைக்கிறது, கழிப்பறைக்குப் போகாம சாயந்திரம் வரைக்கும் அடக்குறது, வேன்ல பெரிய பையன் பையைப் புடுங்குறது எல்லாம் அப்பத்தான் வெளியே வரும். பிள்ளை பாடத்துல பின்தங்குறதுக்குக் காரணம் அங்கேயும் இருக்கலாம்.

பெற்றோருக்கும் சொல்றேன்: "எப்படிப் படிக்கிறான்"னு கேட்டா "பரவாயில்ல"ன்னுதான் பதில் வரும். "இந்த மாசம் எதுல நிக்கிறான், அந்தப் பக்கத்தைக் காட்டுங்க"ன்னு கேளுங்க.

அப்பா வெளிநாடுன்னா வாட்ஸ்அப் கால் போடலாம். சிங்கப்பூர் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி, இங்க 4.30ன்னா அங்க ஏழு மணி, வேலை முடிஞ்சிருக்கும். துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னாடி, அங்க மூணு மணிதான் ஆகியிருக்கும், எடுக்க மாட்டாங்க. அவங்களுக்கு வீட்டு ஆளோட போன்லயே ஒரு நிமிஷம் குரல் பதிவு பண்ணி அனுப்பச் சொல்லுங்க. வகுப்பு குரூப்ல மட்டும் எந்தப் பிள்ளை பேச்சும் வேண்டாம்.

சிறப்பாசிரியர், வட்டார வள மையம்

"நல்லா அடிங்க டீச்சர்", "கண்ணு ரெண்டை விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க" என்ற மாதிரி வசனத்துக்கு: சிரித்துக் கடக்காதீர்கள், பிரசங்கமும் வேண்டாம். "அடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கும்மா, நான் அடிக்கவும் மாட்டேன். வேற ஒண்ணு செய்வோம்" என்று சொல்லி நோட்டைத் திறங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்ல, மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அப்படிச் சொல்கிற பெற்றோர் பெரும்பாலும் கொடூரக்காரர் இல்லை. "பிள்ளையை உங்களிடம் ஒப்படைத்துவிட்டேன்" என்பதைச் சொல்ல அவர்களுக்குக் கிடைத்த பழைய வாக்கியம் அது.

குணத்தைச் சொல்லாமல் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். "சேட்டை, கவனமே இல்லை" என்பதில் பெற்றோருக்குச் செய்ய எதுவும் இல்லை. "கணக்கு நேரத்துல பத்து நிமிஷத்துல எழுந்து போறான், கதை சொன்னா அரை மணி நேரம் உட்கார்றான்" என்பதில் இருக்கிறது.

ஆறு ஏழு வயதில் எழுத்தைத் திருப்பிப் போடுவது சாதாரணம், அதை வைத்துக் கற்றல் குறைபாடு என்று நீங்களாகப் பெயர் சூட்டாதீர்கள். முதலில் கண்ணும் காதும். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் பிழை, புத்தகத்தைப் பார்த்து எழுதினால் சரி என்றால் பார்வையைச் சோதிக்க வேண்டும். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கும், அடிக்கடி சளி பிடித்துக் காது ஒழுகும் பிள்ளைக்கும் காது. ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழு பள்ளிக்கு வரும்போது அந்தப் பெயர்களைத் தனியாக எழுதிக் கொடுங்கள். பெற்றோரிடம் "ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வாங்க" என்பது போதும். அது சரியாக இருந்தும் பிள்ளை மாதக்கணக்கில் அதே இடத்தில் நின்றால் வள மையத்துக்குச் சொல்லுங்கள்.

கோட்டையூர் டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். பிள்ளை கூட இருக்கலாமா, வேண்டாமா? வராமலே இருக்கும் ஐந்தாறு பெற்றோரை என்ன செய்வது?

பள்ளத்தூர் அம்மா

பிள்ளை இருக்கவே கூடாதுன்னுதான் நான் சொல்வேன். ஏழு வயசுப் பிள்ளை தன்னைப் பத்தி ரெண்டு பெரியவங்க பேசுறதைக் கேட்டுக்கிட்டு நிக்கிறது தண்டனைதான்.

புதுவயல் பயிற்றுநர்

முழு நேரமும் வேண்டாம் என்பது சரி, ஆனால் முதல் இரண்டு நிமிடம் இருக்கட்டும் அம்மா. நாலு வரி வாசித்துக் காட்டட்டும். நன்றாக வரும் பகுதியையே கொடுங்கள், தடுமாறும் இடத்தை அப்பத்தா முன்னால் சோதிக்கக் கூடாது. பிறகு வெளியே விளையாட அனுப்பிவிட்டு, அடுத்த மூன்று நிமிடம் பெற்றோர் சொல்வதைக் கேட்பது, மூன்று நிமிடம் நோட்டு, கடைசி இரண்டு நிமிடம் எழுதுவது.

எழுதுவது என்றால் ஒரே ஒரு வேலை. "தினமும் ஒரு மணி நேரம் படிக்க வைங்க" மூன்றாவது நாளே நின்றுபோகும். வாரத்தில் ஐந்து நாள், பத்து நிமிடம், சாப்பாட்டுக்கு முன்னால். யார் கூட உட்காருவது என்று பேரைக் கேட்டு எழுதுங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால் "சத்தமா வாசிக்கச் சொல்லிக் கேளுங்க, முடிஞ்சதும் கதையில என்ன ஆச்சுன்னு கேளுங்க". திக்கித் திணறி வாசிக்கிறதா, ஓட்டமாக வாசிக்கிறதா என்பது காதுக்கே தெரியும். ஒரு பிரதி அவர்களுக்கு, ஒன்று உங்களுக்கு. மூன்று வாரம் கழித்து அதே வகைக் கணக்கை, அதே அளவுப் பத்தியைக் கொடுத்துப் பார்த்து, டைரியில் ஒரு வரி அனுப்புங்கள். அந்த வரி போகவில்லை என்றால் அடுத்த சந்திப்புக்கு யாரும் நம்பிக்கையோடு வரமாட்டார்கள்.

தேவகோட்டை எச்.எம்.

வராதவர்கள் பற்றி. "அக்கறையில்லாத பெற்றோர்" என்று பதிவேட்டில் எழுதிவிடாதீர்கள். சீட்டை வாசிக்கத் தெரியாதவர் இருப்பார், பழைய கட்டண பாக்கியைக் கேட்பார்கள் என்று பயப்படுபவர் இருப்பார், ஆலையில் ஷிப்ட் மாற்ற முடியாதவர் இருப்பார். முதலில் போன். "நல்ல விஷயம்தாம்மா, பயப்படாதீங்க" என்று தொடங்குங்கள், பள்ளியிலிருந்து அழைப்பு என்றாலே புகார் என்றுதான் நினைப்பார்கள். காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறவர் என்றால் அப்போதே ஐந்து நிமிடம், ஓரமாக. வேன் பிள்ளை என்றால் மாலையில் போனிலேயே அந்த ஒரு வேலையை மட்டும் சொல்லி முடித்துவிடலாம்.

வீட்டுக்குப் போவது கடைசி வழி. போனால் முன்னரே சொல்லிவிட்டுப் போங்கள், வாசலில் நின்று பேசாதீர்கள், உள்ளே கூப்பிட்டால் உட்காருங்கள். பையில் அந்த மூன்று தாளும் இருக்கட்டும்.