ஆர்வி பயணத்தில் கத்தி: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஆறுசக்கரம்

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா, ஹேடன் பள்ளத்தாக்கு. அங்கே காட்டெருமைகள் சாலையை எப்படிக் கடக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வாடகை ஆர்வி (சமையலறை, படுக்கையோடு ஓடும் வீட்டு வண்டி), 25 அடி. முன்னால் போன கார் சட்டென்று நின்றது, நானும் பிரேக்கை மிதித்தேன். முதலில் டிராயர் திறக்கும் சத்தம். அப்புறம் தரையில் ஏதோ சறுக்கிக்கொண்டு வரும் சத்தம்.

காய் வெட்டும் பெரிய கத்தி. சாப்பாட்டு மேசைக்கு அடியில் நுழைந்து, மகள் தொங்கவிட்டிருந்த கால்களுக்குக் கீழே போய், என் இருக்கையின் அடிப்பக்கத்தில் 'டங்' என்று முட்டி நின்றது. அவள் ஜன்னலில் எருமை பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றுவரை அவளுக்குத் தெரியாது. மனைவி பார்த்துவிட்டாள். எருமைகள் எல்லாம் போய் முடியும்வரை நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வண்டியை எடுக்கும்போதே அந்த டிராயரின் கொக்கி ஆடுகிறது என்று சொல்லியிருந்தோம். "அதெல்லாம் பிடித்துக்கொள்ளும்" என்றார்கள். நீங்களெல்லாம் கத்தியை எங்கே வைக்கிறீர்கள்?

மலைப்பாதை

சுவரில் காந்தப் பட்டை மாட்டிக்கொள்ளுங்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

சாம்பார்சட்டி

மலைப்பாதை, வீட்டுச் சுவருக்கு அது சரி. ஓடுகிற வண்டியில் காந்தப் பட்டையா? யூட்டாவில் ஒரு மண் சாலையில் எங்கள் பக்கத்து வண்டிக்காரர் அப்படித்தான் நான்கு கத்தி மாட்டியிருந்தார். சாயங்காலம் கதவைத் திறந்தால் மூன்றுதான் பட்டையில் இருந்தது. நான்காவது மெத்தையில் செங்குத்தாகக் குத்தி நின்றது, அவர் தலையணை வைக்கும் இடத்தில். மனிதர் சிரித்துக்கொண்டே காட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் செய்வது இவ்வளவுதான்: அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, கத்தியின் மேல் மடித்து, சுற்றிலும் டேப் ஒட்டினால் உறை தயார். கொக்கி விட்டுப்போனாலும் கத்தி உறையோடுதான் விழும். கத்தியை நன்றாகத் துடைத்துவிட்டுச் செருகுங்கள், அட்டை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பனிக்கரடி

வாடகை வண்டியோடு தரும் 'கிச்சன் கிட்' கத்தியைப் பற்றி யாரும் பேசவில்லையே! அதில் தக்காளி வெட்டினால் ஜூஸ்தான் வரும். சயான் தேசியப் பூங்காவில், வாட்ச்மேன் கேம்ப்கிரவுண்டில், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கத்தியோடு வெங்காயத்தை அறுத்துக்கொண்டிருந்தேன். அறுத்தேன் என்பதைவிட நசுக்கினேன் என்பதுதான் சரி. எதிர் வண்டிப் பெரியவர் ஒருவர், எழுபத்தைந்து வயது இருக்கும், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார். கையிலிருந்த காபியின் கடைசி மடக்கைக் குடித்தார். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். என் கையிலிருந்து கத்தியை வாங்கி, கோப்பையின் அடியில் இருக்கிற அந்தச் சொரசொரப்பான வளையத்தில் தீட்ட ஆரம்பித்தார். ஒரு பக்கம், மறுபக்கம், மாற்றி மாற்றி. அந்த 'ஸ்ஸ்க் ஸ்ஸ்க்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. திருப்பிக் கொடுத்தபோது வெங்காயம் காகிதம் மாதிரி விழுந்தது. பேரைக்கூடக் கேட்கவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

(கோப்பையின் அடி வளையத்தில் மெருகுப்பூச்சு இருக்காது. அதனால்தான் அது சாணைக்கல் வேலை செய்கிறது. கத்தியைச் சுமார் 20 டிகிரி சாய்த்துப் பிடித்தால் போதும். வாடகைக் கத்தியெல்லாம் மென்மையான எஃகுதான், சீக்கிரம் கூர் ஏறும், சீக்கிரம் போகும். பல் வைத்த கத்தி கொடுத்திருந்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.)

மலைப்பாதை

என் வண்டியில் காந்தப் பட்டையிலிருந்து இதுவரை ஒரு கத்தியும் விழுந்ததில்லை. யூட்டா மண் சாலையில் 40 மைல் வேகத்தில் ஓட்டினால் கத்தி என்ன, கதவே விழும்.

சரி, டிராயரே வேண்டாம் என்றால் மடக்குக் கத்தி வாங்குங்கள். ஒப்பினெல் எண் 8. பிரெஞ்சுக் கத்தி, அலகு 8.5 செ.மீ. கழுத்தில் இருக்கிற வளையத்தைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். 1955-இலிருந்தே அந்த வளையம் உண்டு. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எங்கேயும் போகலாம்.

ஏரிக்கரை

"எங்கேயும் போகலாம்" என்று எழுதாதீர்கள். நாங்கள் இங்கிலாந்தில் இருக்கிறோம், சின்ன கேம்பர்வேன். லேக் டிஸ்ட்ரிக்டில் வண்டியை நிறுத்திவிட்டு, ரொட்டியும் சீஸும் வாங்க ஊருக்குள் நடந்து போனேன். அதே எண் 8 கத்தி முதுகுப்பையின் பக்க வலையில் வெளியே தெரிய இருந்தது. எதிரே வந்த போலீஸ்காரர் நிறுத்தி, மிக மரியாதையாக, "இதைத் திறந்து காட்ட முடியுமா?" என்றார். திறந்தேன். வளையத்தைத் திருப்பச் சொன்னார். அது 'க்ளிக்' என்று பூட்டிய அந்த நொடியில் அவர் முகம் மாறியது.

இங்கே சட்டம் இதுதான்: காரணமே சொல்லாமல் வெளியில் எடுத்துப் போகலாம் என்றால் அது மடக்குக் கத்தியாக இருக்க வேண்டும், அலகின் கூர் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, பூட்டவும் கூடாது. ஒப்பினெல் எண் 8 இரண்டு விதத்திலும் இடிக்கிறது. தக்க காரணம் இருந்தால் பரவாயில்லை, ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நாம்தான். வேன் சாவியையும் கேம்ப்சைட் ரசீதையும் காட்டினேன். "சமையலறைக் கத்தி சமையலறையிலேயே இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பல நாட்டுக்காரர்கள் படிக்கிற இடத்தில் அமெரிக்காவை மட்டும் மனதில் வைத்து ஆலோசனை சொல்ல வேண்டாம், நண்பரே.

மலைப்பாதை

திரியைத் தொடங்கியவர் எல்லோஸ்டோனில் இருந்தார் அக்கா. அதனால் சொன்னேன்.

திண்ணை

அமெரிக்காவிலும் எல்லாம் திறந்து கிடக்கவில்லை. மத்திய அரசுக் கட்டடங்களுக்குள் இரண்டரை அங்குலத்துக்குக் குறைந்த பேனாக்கத்திக்குத்தான் சட்டத்தில் விலக்கு. சரி, என் கதைக்கு வருகிறேன்.

மாமியார் திருநெல்வேலியிலிருந்து வந்தபோது செக்-இன் பெட்டியில் அரிவாள்மனை கொண்டுவந்தார். பலகையோடு மடங்கும் வகை. "வண்டியிலேயே ஒரு மாதம் சுற்றப் போறோம்னு சொன்னியே, நின்னுக்கிட்டே காய் நறுக்க என்னால ஆகாது" என்றார். வண்டிக்குள் உட்கார இடம் ஏது? நிழல்துணியை இழுத்துவிட்டு, வெளியே பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார். ஒரு கால் பலகைமேல், முன்னால் வாழைக்காய். பக்கத்து வண்டிப் பையன்கள் இரண்டு பேர் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றார்கள். கத்தி அசையவில்லை, காய்தான் போய்ப் போய் வருகிறது என்பதை அவர்களால் நம்பவே முடியவில்லை. பெரியவன் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்த அம்மா அரிவாள்மனையைப் பார்க்கவில்லை. மாமியாரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார், வாயில் கை வைத்தபடி.

ஆறுசக்கரம், உங்களுக்கு என் பதில் இதுதான். அலகை மடித்தால் பலகையோடு படுத்துவிடும். மேலே ஒரு துணியைச் சுற்றிக் கட்டிப் பாத்திரப் பெட்டியின் அடியில் வைத்தால் எந்தப் பிரேக்குக்கும் வெளியே வராது. இரும்பு அலகு என்றால் ஏரி, கடல் பக்கம் போகும்போது துருப்பிடிக்கும். தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வையுங்கள்.

கடலைக்குழம்பு

கத்தியை விடுங்கள். எல்லோஸ்டோன் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது பருப்புதான். ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க், ராத்திரி 9 மணி, இரண்டு குழந்தைகளும் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள், துவரம்பருப்பு கல் மாதிரி கிடக்கிறது. என் அனுபவம் அவ்வளவுதான், ஆனால் யாருக்காவது உதவும் என்று சொல்கிறேன். அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல். தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நாம் பார்த்துக்கொண்டிருப்போம், பருப்புக்கு அந்தச் சூடு போதாது. ஆகவே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வைக்காதீர்கள், குக்கர் எடுத்துப் போங்கள். குக்கரிலும் ஊரில் வைக்கிற விசில் கணக்கு அங்கே செல்லாது. வெயிட் தருகிற அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தோடு கூடுவதுதான். மேலே காற்றழுத்தம் குறைவு, அதனால் உள்ளேயும் சூடு சில டிகிரி குறையும். இரண்டு விசில் கூட வையுங்கள். பருப்பைக் காலையிலேயே ஊறப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்புங்கள், சிங்க்கில் வைத்து மூடிவிட்டால் சிந்தாது. இன்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் ஆர்வி பார்க்கில் தரும் 30 ஆம்ப் மின் இணைப்பில் மொத்தமே 3,600 வாட்தான் என்பதை மறக்க வேண்டாம். ஏசி ஓடும்போது 1,800 வாட் அடுப்பைப் போட்டு, மைக்ரோவேவையும் தட்டினால் பிரேக்கர் விழுந்துவிடும். பாசிப்பருப்பு என்றால் இந்தத் தொல்லை பாதி குறையும். புளியைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும், முன்னாலேயே ஊற்றினால்...

சாம்பார்சட்டி

ஐயா, இது கத்தித் திரி. பருப்புக்குத் தனியாக ஒன்று தொடங்குங்கள், நானே முதல் ஆளாக வருகிறேன்.

வெள்ளரி

சுருக்கமாக ஒன்று. ஆசையாக வாங்கிய ஜப்பானியக் கத்தி. உறை போடாமல் இடுக்கியோடும் கரண்டிகளோடும் ஒரே டிராயரில் இருந்தது. அரிசோனா வெயிலில் ஒரு நாள் முழுக்க ஓட்டிவிட்டு, வெள்ளரிக்காய் நறுக்க எடுத்தேன். நுனிப் பக்கம் விளிம்பில் பிறை மாதிரி ஒரு சில்லு போயிருந்தது. அந்த எஃகு கடினமானது, கூர் நிற்கும், ஆனால் இடித்தால் வளையாது, உடையும். அந்தச் சில்லு டிராயரிலும் இல்லை, தரையிலும் இல்லை. முந்தின நாள் ராத்திரி சாலட் சாப்பிட்டோமே என்ற நினைப்பு இன்னும் விடவில்லை.

ஆறுசக்கரம்

எல்லோருக்கும் நன்றி. சாம்பார்சட்டி, அந்த அட்டை உறைக்கு எந்த டேப்? சாதாரண செல்லோ டேப் போட்டேன், வண்டிக்குள் இருக்கிற சூட்டில் பிரிந்து வந்துவிட்டது.

சாம்பார்சட்டி

டக்ட் டேப். இரண்டு சுற்று. நுனிப் பக்கம் மூன்று.