மறு: ‘எனில்’ சரி, ‘செல் 60’ வேண்டாம்

வணக்கம்.

புதன்கிழமை தாள் அச்சுக்குப் போக வேண்டும். சிம்மக்கல் அச்சகத்தில் மற்ற பக்கமெல்லாம் தயார். பேசிக் என்ற கணினி மொழிப் பாடத்துக்கான பக்கம் மட்டும், அதன் இரண்டு கட்டளைகளுக்கான தமிழ்ச் சொல்லுக்காகக் காத்திருக்கிறது. நிபந்தனை சொல்லும் ‘இஃப்–தென்’ ஒருவழியாகக் கரை சேர்ந்துவிட்டது. குறித்த வரிக்குப் போகச் சொல்லும் ‘கோட்டூ’தான் இன்னும் நடு ஆற்றில் நிற்கிறது.

முன்னால் ‘ஒருவேளை’, பின்னால் ‘அப்படியானால்’ என்று இரண்டையும் போடலாம் என்று தம்பி எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் நிபந்தனைக்கு முன்பே ஒரு சொல் வந்து நிற்கிறது. நமக்கு அது வினையின் வாலில் இருக்கிறது: வந்தால், வரின். நன்னூல் ‘செயின்’ வாய்பாட்டைத் தனியாகவே சொல்லிவைத்திருக்கிறதே. ‘ஆரம் 7 செ.மீ. எனில் பரப்பு என்ன’ என்று கணக்குப் பாடத்தில் பிள்ளைகள் தினமும் படிக்கிறார்கள். புதுச்சொல் எதற்கு? ‘எனில்’ ஒன்றே போதும்.

மேலூர் ஐயா 236ஆம் குறளைக் காட்டினார். ‘தோன்றின்’ நிபந்தனை, ‘தோன்றுக’ கட்டளை, ‘அஃதிலார்’ மறுகிளை, அதாவது நிபந்தனை பொய்த்தால் நடப்பது. படித்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. ஆனால் அதை வைத்துக் கோட்டூவுக்கு ‘செல்க’ என்று வியங்கோள் கேட்கிறார். ஐயா, வாழ்த்துக்கும் வேண்டுகோளுக்கும் வியங்கோள் சரி. கணினிக்கு ஏவல் போதும்.

மறுகிளைக்கும் இந்தப் பாடத்தில் இடம் இல்லை. 1964இல் டார்ட்மவுத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்ஸும் உருவாக்கிய முதல் பேசிக்கில் மறுகிளைக்கான ‘எல்ஸ்’ கிடையாது; ‘தென்’னுக்குப் பிறகு வரி எண் மட்டுமே வரும். நிபந்தனை பொய்த்தால் அடுத்த வரி, அவ்வளவுதான். நம் தாளும் அதே வழியில் போகிறது:

10 மதிப்பெண்ணைக் கேள்
20 மதிப்பெண் < 35 எனில் 50
30 ‘தேர்ச்சி’ என எழுது
40 ______
50 ‘மறுபடி முயற்சி செய்’ என எழுது
60 முடி

40ஆம் வரிக்குத்தான் இத்தனை சண்டை. அது இல்லாவிட்டால் 80 வாங்கிய பிள்ளைக்கும் ‘தேர்ச்சி’, ‘மறுபடி முயற்சி செய்’ இரண்டும் வரும். கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1968இலேயே கோட்டூவைக் கண்டித்துவிட்டார், அதைச் சொல்லித் தராதீர்கள் என்ற மடலுக்கும் இதுவே என் பதில். இந்தச் சின்ன நிரலில் அது ஏன் தேவைப்படுகிறது என்று பிள்ளை பார்க்கட்டும். நிரல் நூறு வரியாகிச் சிக்கல் விழும்போது அது ஏன் ஆகாது என்று தானே கேட்கும்.

‘தாவு’ எனக்கும் பிடித்தது. அப்புறம் தாவு, தவ்வு, தத்து, தவளை, தத்தை என்று நான்கு மடல் ஓடிற்று. தொல்காப்பியத்தின் ‘தாவே வலியும் வருத்தமும் ஆகும்’ வரை போய்விட்டோம். தவளைக்கு வேர் கிடைத்ததா என்று தெரியவில்லை, நமக்குத் தாவு தீர்ந்தது. விசைப்பலகையில் ‘தாவல்’ (டேப்) என்று ஏற்கெனவே ஒரு விசைக்குப் பெயர் இருக்கிறது. குழப்பம் வரும் என்று திருமங்கலம் அக்கா சொன்னது சரி. ‘பாய்’ என்றால் பாய்வுப்படத்தோடு இடிக்கும்.

மிஞ்சியவை ‘செல்’, ‘போ’. பெரும்பாலானோர் ‘செல் 60’ என்கிறார்கள், எண்ணோடு வேற்றுமை உருபு ஒட்டினால் அசிங்கமாக இருக்குமாம். என் வகுப்பில் அதைப் பலகையில் எழுதிப் பார்த்தேன். ஒருத்தி கைபேசி என்றாள், இன்னொருவன் அறிவியல் பாடத்துச் செல் என்றான். கட்டளை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வினையை முன்னால் தூக்கி வைத்ததன் விளைவு அது. ‘60க்குப் போ’ என்று மாற்றினேன், விளக்கமே கேட்கவில்லை. திண்ணையில் ஆறு பேரை வரி எண் அட்டையோடு நிறுத்தினோம். 40ஐப் பிடித்திருந்த பிள்ளை 50ஐத் தாண்டி நேரே 60இன் தோளைத் தொட்டது.

‘போ’ மரியாதைக் குறைவு, பேச்சுவழக்கு என்று ஐயா இன்னும் ஏற்கவில்லை. அது நல்ல தமிழ்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் நாள் இல்லை, பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ‘60க்குச் செல்’ என்று போகட்டும். எண் முன்னால், வினை பின்னால், வல்லொற்று விடாமல். வகுப்பில் பிள்ளைகள் ‘போ’ என்றுதான் வாசிப்பார்கள். நான் திருத்த மாட்டேன்.