நம்ம குடும்பம் (7 பேர்): மோனோரயில் சண்டை

[இரவு 8:12]

தம்பி: நேத்து அனுப்பின எபிசோடு எல்லாரும் பாத்தாச்சா? அமெரிக்கக் கார்ட்டூன் சிம்ப்சன்ஸ், 4ஆவது சீசன், ஒத்தைத் தண்டவாளத்துல ஓடுற மோனோரயில் கதை

அக்கா: பாத்தாச்சு. சின்னது ரெண்டும் அந்தப் பாட்டை நிறுத்தவே மாட்டேங்குதுங்க. காதுக்குள்ள மோனோ மோனோன்னே ஓடுது

சித்தப்பா: நான் பாதியில தூங்கிட்டேன். யாராச்சும் கதையைச் சொல்லுங்கப்பா

நான்: சித்தப்பா, மொத்தமே அரை மணி நேரம்கூட இல்ல அது

தம்பி: சொல்றேன் கேளுங்க. அணுமின் நிலைய முதலாளி பர்ன்ஸ், கழிவைக் கொண்டுபோய் பார்க்ல இருக்கிற மரத்துக்குள்ள திணிக்கிறப்போ மாட்டிக்கிறான். 30 லட்சம் டாலர் அபராதம். பணம் ஊருக்கு வந்துருது. என்ன பண்ணலாம்னு கூட்டம் போடறாங்க. மெயின் ரோடு குண்டும் குழியுமா கிடக்கு, அதைச் சரி பண்ணலாம்னு சிம்ப்சன்ஸ் வீட்டு அம்மா மார்ஜ் சொல்றா. எல்லாரும் தலையாட்டுற நேரத்துல லைல் லான்லின்னு ஒருத்தன் வந்து பாட்டுப் பாடியே மோனோரயிலை வித்துட்டுப் போயிடறான்

சித்தப்பா: பாட்டுக்கா வாங்கினாங்க?

மாமா: அங்கதான் இருக்கு விஷயம். எனக்கு அந்தக் கூட்டக் காட்சி ஒண்ணே போதும். முதல்ல அவன் விக்கவே இல்ல பாருங்க. உங்களுக்கு இது சரிப்படாது, பக்கத்து ஊர் ஷெல்பிவில்காரங்களுக்குத்தான் ஆகும்னு பின்வாங்குறான். மேயருக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வருது. அப்புறம் ஆளாளுக்குச் சந்தேகம் கேக்கறாங்க, சத்தம் வருமா, தண்டவாளம் வளையுமான்னு. எல்லாத்துக்கும் எதுகையில பதில் சொல்றான்

நான்: எதுகைதான் மாமா வருது, பதில் எங்க வருது?

மாமா: அதைத்தாம்மா நானும் சொல்றேன். எழுதினவன் கெட்டிக்காரன்

தம்பி: எழுதினது கோனன் ஓ'பிரையன். 1993 ஜனவரியில வந்த எபிசோடு. அதே வருஷம் ராத்திரி டாக் ஷோ நடத்தக் கிளம்பிட்டாரு

சித்தி: எனக்கு ஸ்டார் ட்ரெக் நடிகர் லெனார்ட் நிமாய் வந்ததுதான் புடிச்சுது. ஒண்ணுமே பண்ணாம, என் வேலை முடிஞ்சுதுன்னு சொல்லிட்டு அப்படியே மறைஞ்சு போறாரே. சிரிச்சுச் சிரிச்சு விக்கலே வந்துருச்சு

தம்பி: முதல்ல அதே ஸ்டார் ட்ரெக்ல நடிச்ச ஜார்ஜ் டக்கெயைத்தான் கூப்பிட்டாங்களாம் சித்தி. அவர் நிஜத்துல ஒரு பொதுப் போக்குவரத்து வாரியத்துல இருந்தவரு. மோனோரயிலைக் கிண்டல் பண்ண மாட்டேன்னுட்டாரு

[இரவு 8:31]

நான்: எல்லாம் சரி. எனக்கு ஒரு குறை இருக்கு, சொன்னா அடிக்க வராதீங்க

அக்கா: வந்துட்டாடா நக்கீரர் பரம்பரை

நான்: எபிசோடு பேர் என்ன? மார்ஜ் வெர்சஸ் மோனோரயில். அப்ப மார்ஜ்தானே மோதணும்? முதல் பாதி சரியாத்தான் போகுது. லான்லி நோட்டுல அவனே வரைஞ்சு வெச்ச படத்தைப் பாத்துடறா. ரயில்ல ஜனங்க சாகிறாங்க, இவன் பண மூட்டையோட போறான். உடனே வண்டியை எடுத்துட்டு நார்த் ஹேவர்புரூக் போறா. அவன் ஏற்கெனவே மோனோரயிலை வித்துப் பாழாக்கின ஊர். அங்கிருந்து கோப்ங்கிற இன்ஜினீயரைக் கூட்டிட்டு வர்றா. வந்து சேர்றதுக்குள்ள ரயில் கிளம்பிடுச்சு. ஏன் லேட்டு? வழியில அந்தாளு முடி வெட்டிக்கிட்டாராம்!

சித்தப்பா: ஹாஹா, இதுக்கு முழிச்சிருந்திருக்கலாம் போல

நான்: சிரிப்பு வருது சித்தப்பா, ஆனா அந்த ஒரு சிரிப்புக்காக அவ பாடு மொத்தமும் வீணாப் போகுது. ரயிலை நிறுத்த நங்கூரம் மாதிரி ஏதாவது தேடுன்னு யோசனை சொல்றது கோப். ரயில் மேல இருக்கிற எம் எழுத்தைப் பேத்து வீசுறது அவ புருஷன் ஹோமர். அது போய் மாட்டுறது ஒரு ராட்சச டோனட்ல. மார்ஜுக்கு என்ன மிச்சம்? பக்கத்துல நின்னு பதறுறது

தம்பி: கோப்பைக் கூட்டிட்டு வந்தது அவதானே? அவ இல்லன்னா எல்லாரும் காலி

நான்: கூட்டிட்டு வர்ற ஆளுக்கு ஒரு நன்றிகூட இல்லியேடா

மாமா: ரெண்டாவது பாதி கொஞ்சம் சிதறலாத்தான் இருக்கு, ஒத்துக்கறேன். சூரிய கிரகணம் வந்து, சூரிய சக்தியில ஓடுற ரயில் நிக்குது, விலகினதும் மறுபடி ஓடுது. ஜோக்குக்கு ஜோக். கதைக்கு ஒண்ணும் ஆகல

அக்கா: எனக்குப் பதறின இடம் வேற. அந்தப் பாட்டுலயே கடைசியில மார்ஜ், ரோடு இன்னும் அப்படியேதானே கிடக்குங்கறா. கூட்டம் முடிவு பண்ணிடுச்சும்மான்னு பையன் பார்ட் அவ வாயை அடைச்சுடறான். அதுவும் எதுகையில! மறுப்புச் சொன்னவளோட வரியும் லான்லி பாட்டுக்கே ஒரு அடியாப் போயிடுது. அங்கயே அவ தோத்துட்டா. அதுக்கப்புறம் ஜெயிக்க வெச்சிருந்தாத்தான் பொய்யா இருந்திருக்கும்

நான்: ம். இது நான் யோசிக்கல

அக்கா: அவ பொண்ணு லிசாவையும் பாரு. சின்ன ஊருக்கு எதுக்கு இதெல்லாம்னு நியாயமாக் கேக்கறா. சொன்னா உனக்கும் எனக்கும் மட்டும்தான் புரியும்னு லான்லி ஐஸ் வெக்கிறான். அவ்வளவு புத்திசாலிப் பொண்ணு குளிர்ந்து போயிடுது

சித்தி: இரு இரு. இதை நான் எங்கயோ கேட்டிருக்கேன்

சித்தி: மசாஜ் நாற்காலி!!

மாமா: அதை இப்ப எதுக்கு இழுக்கற

சித்தி: கரண்ட் எவ்வளவு இழுக்கும்னு நான் கேட்டப்போ, அதை விக்க வந்தவன், விவரம் தெரிஞ்சவங்கதான் மேடம் இதைக் கேப்பாங்கன்னான். எவ்வளவு இழுக்கும்னு இன்னிவரைக்கும் சொல்லல. நானும் ஓட்டுப் போட்டுட்டேன்

தம்பி: அதை வாங்கலாமான்னு இதே குரூப்லதான் ஓட்டெடுப்பு. 6க்கு 1

அக்கா: அந்த 1 அத்தை. மாடி ஒழுகுது, முதல்ல அதைப் பாருங்கன்னாங்க

சித்தப்பா: நாற்காலி இப்ப எப்படி இருக்கு மாமா?

மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அக்கா: துணி காயப்போட ரொம்ப வசதியா இருக்குன்னு கேள்வி

[இரவு 9:05]

அத்தை: இப்பதான் பாத்து முடிச்சேன். கடைசியில மார்ஜ் சொல்றாளே, ஊர் செஞ்ச ஒரே முட்டாள்தனம் இதுதான்னு ஆரம்பிச்சு, எங்கயும் போய்ச் சேராத எஸ்கலேட்டர் வரைக்கும் அடுக்குறாளே, அந்த இடம் நல்லாருந்தது. அதுல பாவம் மனுஷங்க விழுந்துட்டே இருக்காங்க

நான்: மார்ஜுக்கு அநியாயம் பண்ணிட்டாங்கன்னு தோணலியா அத்தை?

அத்தை: ரோடுன்னு ரெண்டாவது தடவையும் வாயைத் திறந்தா பாரு. நான் ஒரு தடவையோட விட்டுட்டேன்

அத்தை: ஹால்ல சொட்ட ஆரம்பிச்சாச்சு. சரியா நாற்காலிக்கு மேல. அதை யாராவது நகர்த்துங்க, வாளி வைக்கணும்

மாமா: வரேன். தம்பி நீயும் வா, அதுக்குச் சக்கரம் கிடையாது