1968 சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் வேலைநிறுத்தம்: காரணம் ஓர் ஆசிரியரின் இடைநீக்கம் மட்டும்தானா?

கேள்வி:
அமெரிக்காவின் நான்காண்டுக் கல்லூரிகளில் கறுப்பின ஆய்வுகளுக்கெனத் தனித்துறை முதலில் அமைந்தது சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில்தான் என்றும், 1968 நவம்பர் 6 முதல் 1969 மார்ச் வரை நீடித்த மாணவர் வேலைநிறுத்தத்தின் பயன் அது என்றும் படித்தேன். ஜார்ஜ் மரே என்ற ஓர் ஆசிரியரை இடைநீக்கம் செய்ததற்காகவா இத்தனை மாதப் போராட்டம்?

பதில் 1:
அவ்வளவு மட்டும் இல்லை. ஆங்கிலம் கற்பித்துவந்த மரே, கறுப்பின உரிமைக்காகப் போராடிய தீவிர அமைப்பான கருஞ்சிறுத்தைகள் கட்சியில் 'கல்வி அமைச்சர்' என்ற பொறுப்பிலும் இருந்ததால், கல்லூரியின் மேல் நிர்வாகம் அவரை நீக்கச் சொல்லிக் கல்லூரித் தலைவரை நெருக்கியது. ஆனால் அங்கே கறுப்பின மாணவர் சங்கம் 1966-லேயே உருவாகி, மாணவர்களே நடத்திய 'பரிசோதனைக் கல்லூரி' வழியாகக் கறுப்பின வரலாறும் இலக்கியமும் சொல்லித்தரத் தொடங்கிவிட்டது. 1967-இல் கறுப்பின எழுத்தாளர்களான சோனியா சான்செசும் அமிரி பராகாவும் அங்கு வந்து கற்பித்தார்கள். கறுப்பின ஆய்வுத் துறையை வடிவமைக்க 1968-இல் அழைக்கப்பட்ட சமூகவியலாளர் நேத்தன் ஹேர், ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் அதற்கு முந்தைய ஆண்டுதான் வேலையை இழந்திருந்தார். கேட்டுப் பெற வேண்டியதை முன்கூட்டியே நடத்திக்காட்டியவர்கள் இந்த மாணவர்கள் என்பதே என் கணிப்பு.

பதில் 2:
மற்றொன்றையும் சேர்க்க வேண்டும். கறுப்பின மாணவர்களின் பத்துக் கோரிக்கைகளோடு, ஆசிய, லத்தீன் அமெரிக்க மாணவர்களும் அடங்கிய மூன்றாம் உலக விடுதலை முன்னணியின் ஐந்தும் சேர்ந்து பதினைந்தாயின. கல்லூரித் தலைவர் ராபர்ட் ஸ்மித் பதவி விலகியபின் வந்த மொழியியலாளர் ஹயகாவா, டிசம்பர் 2 அன்று மாணவர்களின் ஒலிபெருக்கி வண்டிமேல் ஏறிக் கம்பிகளைப் பிடுங்கினார். அந்தக் காட்சி அவரைப் புகழ்பெற்றவராக்கியது. பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற மேலவையில் செனட்டராகவும் ஆனார். (மொழியின் ஆற்றலைப் பற்றி எழுதியவர், பேச்சின் கம்பியை அறுத்தது விந்தைதான்.)

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் மரேயும் ஹேரும் என்ன ஆனார்கள்?

பதில் 1:
வேலைநிறுத்தத்தை முடித்த உடன்பாட்டில், கறுப்பினம் உள்ளிட்ட சிறுபான்மை இனங்களைப் பற்றிய 'இனவியல் ஆய்வுகளுக்கான' தனிப்புலம் கிடைத்தது. மரேயை மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை, ஹேரின் பணியையும் நீட்டிக்கவில்லை. ஹேர் அதே 1969-இல் 'தி பிளாக் ஸ்காலர்' என்ற ஆய்விதழை மற்றவர்களுடன் சேர்ந்து தொடங்கினார்.